கார்புரேட்டர் ஒழுகினால் டேங்கையும் பாருங்கள்: சிறிய பெட்ரோல் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் தோட்டத்தில் பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்பு நிற்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புல் கருகிக் கிடந்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் ஒழுகுகிறது என்று எனக்குத் தெரியும். சொட்டுதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து மாதம் விட்டுவிட்டேன். ஒரு நாள் சித்தப்பா ஆயில் அளவுகோலை உருவி, விரலில் தொட்டுத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். "கண்ணு, இது என்ன ஆயிலா, மண்ணெண்ணெயா? தண்ணீர் மாதிரி ஓடுகிறதே" என்றார். வெளியே விழுந்த சொட்டைத்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். உள்ளே, எஞ்சின் ஆயிலுக்குள் அதைவிட அதிகமாக இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மெக்கானிக் கடைகள் ஏறி இறங்கினேன். இரண்டு இடத்திலும் ஒரே தீர்ப்பு: "கார்புரேட்டர் போய்விட்டது, புதிதுதான் போட வேண்டும்." முதல் கார்புரேட்டர் 650 ரூபாய், இரண்டாவது 900, கூலி இரண்டு தடவை 300, ஆயில் 380. மொத்தம் 2,530 ரூபாய். முதலாவது பதினைந்து நாளில் ஒழுகியது, இரண்டாவது ஒரு மாதம் தாங்கியது. கடைசியில் நானே கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கார்புரேட்டரில் பழுதே இல்லை. டேங்கின் அடியில் இருந்த துரு ஒவ்வொரு துகளாக இறங்கி, பெட்ரோலை அடைக்க வேண்டிய ஊசியின் கீழ் உட்கார்ந்துகொண்டிருந்தது.

இதுவரை ஸ்பேனர் பிடித்திராதவர்களும் செய்யக்கூடிய வேலை இது. முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகும். இரண்டாம் தடவை எனக்கு முக்கால் மணி நேரம்தான் ஆனது.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை?

இந்தக் கட்டுரை பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கானது. தண்ணீர் பம்பு, களை எடுக்கும் பவர் வீடர், சிறிய ஜெனரேட்டர், தெளிப்பான் ஆகியவற்றில் வருபவை. ஹோண்டாவின் 163 சிசி ஜிஎக்ஸ்160 எஞ்சினும், அந்த அமைப்பைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் விற்கும் எஞ்சின்களும் இந்த வகை. என்னுடையதும் அப்படிப் பின்பற்றி வந்த ஒன்றுதான். அடையாளம் எளிது: ஆயிலுக்குத் தனி மூடி இருக்கும், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டியதில்லை, கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் தொங்கும்.

தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டர்களில் பெரும்பாலானவை இரண்டு ஸ்ட்ரோக். அவற்றின் கார்புரேட்டரில் பெரும்பாலும் கிண்ணமே கிடையாது. அவற்றைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கிண்ணத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டு மேல்நிலைத் தொட்டியில் பந்து வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து மேலே எழும்பிக் குழாயை அடைக்கும். கார்புரேட்டரிலும் அதுதான். பெட்ரோல் ஏறியதும் ஃப்ளோட் என்கிற மிதவை எழும்பி, நீடில் என்கிற சிறிய ஊசியை அதன் துளையில் அழுத்தும். அந்தத் துளையை மெக்கானிக்குகள் சீட் என்பார்கள். ஊசிக்கும் சீட்டுக்கும் இடையே தலைமுடி கனத்தில் ஒரு துகள் இருந்தாலும் அடைப்பு முழுமையாகாது. பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். இதைத்தான் கடைக்காரர்கள் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள்.

2. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பில்லை எடுங்கள்

வாங்கிய பில், வாரண்டி அட்டை, எஞ்சின் எண் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். வாரண்டி காலம் முடியவில்லை என்றால் கழற்றாதீர்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை வாசித்துவிட்டு, விற்றவரிடம் கொண்டுபோங்கள். கிண்ணத்தின் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தாலே "நீங்கள் பிரித்துவிட்டீர்கள்" என்று கையை விரிக்கும் இடங்கள் உண்டு.

வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியத்தில் வாங்கிய பவர் வீடர் என்றால் பில்லின் நகல் மானியக் கோப்பில் இருக்கும், நமக்கெதற்கு என்று மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். சேவை மையத்தில் கேட்பது உங்கள் கையில் இருக்கும் பில்லைத்தான்.

எஞ்சின் எண்ணும் மாடல் பெயரும் எஞ்சின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கார்புரேட்டரின் பக்கவாட்டிலும் சில எழுத்துகள் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு இரண்டையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உதிரிபாகக் கடையில் "ஐந்தரை ஹெச்பி எஞ்சினுக்கு ஒரு நீடில்" என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். நான் அப்படி வாங்கிய முதல் நீடில் ஒரு மில்லிமீட்டர் நீளம் அதிகம். மிதவை எழும்புவதற்கு முன்பே அடைத்துக்கொண்டது, எஞ்சின் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை.

3. எங்கிருந்து ஒழுகுகிறது? ஒரு செய்தித்தாள் போதும்

பெட்ரோல் ஓரிடத்தில் கசிந்து இன்னோரிடத்தில் சொட்டும். கிண்ணத்தின் அடியில் ஈரம் இருப்பதாலேயே கிண்ணம்தான் ஒழுகுகிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டர், குழாய், டேங்கின் அடி எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கீழே செய்தித்தாளை விரியுங்கள். டேப்பைத் திறக்காமலே பத்து நிமிடம் பாருங்கள். இப்போதே தாளில் கறை விழுந்து, கார்புரேட்டரின் கிண்ணமும் அதன் அடி போல்ட்டும் உலர்ந்தே இருந்தால் கோளாறு டேப்பிலோ அதற்கு மேலோ இருக்கிறது, கார்புரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை.

கறை இல்லை என்றால் டேப்பைத் திறந்து, எஞ்சினை ஓட்டாமல் பாருங்கள். குழாய் மாட்டியிருக்கும் முனையில் ஈரம் தெரிந்தால் குழாய் வெடித்திருக்கிறது அல்லது கிளிப் தளர்ந்திருக்கிறது. கிண்ணமும் மேல் உடலும் சேரும் வளையத்தில் ஈரம் பரவினால் கசிவைத் தடுக்கும் பேக்கிங் போய்விட்டது. கிண்ணத்தின் அடி போல்ட்டில் சொட்டினால் அதன் வாஷர். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து பெட்ரோல் வழிந்தால், அல்லது ஃபில்டர் பஞ்சு நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. அதாவது நீடில், சீட், மிதவை ஆகிய மூன்றில் ஒன்று.

ஓவர்ஃப்ளோ என்று உறுதியானால் ஒரு சிறிய வித்தை செய்து பாருங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெல்ல நான்கு தட்டு தட்டுங்கள். சிக்கிய நீடில் விடுபட்டு ஒழுகல் நின்றுவிடலாம். தண்ணீர் முறை பாதியில் நிற்கும்போது இது கைகொடுக்கும். ஆனால் துகள் எங்கும் போய்விடவில்லை, அடுத்த வாரம் திரும்ப வரும்.

4. ஆயிலை முகர்ந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஓவர்ஃப்ளோ ஆகும் பெட்ரோல் வெளியே மட்டும் வராது. உள்பக்கம் சிலிண்டருக்குள்ளும் போய், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போய்விட்டால் எஞ்சினின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று நேராக உரசும். 180 ரூபாய் உதிரிபாகத்தில் முடிய வேண்டியது முழு எஞ்சின் வேலையாக மாறுவது இங்கேதான்.

எஞ்சினைச் சமதளத்தில் வைத்து அளவுகோலை உருவுங்கள். அளவு நீங்கள் ஊற்றியதைவிட ஏறியிருக்கிறதா? பெட்ரோல் வாசனை அடிக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கயிற்றை இழுக்காதீர்கள், ஸ்டார்ட் செய்து "பார்க்கவும்" வேண்டாம். ஒழுகலைச் சரிசெய்த பிறகு ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கயிறு பாதியில் கல்லில் மாட்டியதுபோல் நின்றால் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் நிரம்பியிருக்கக்கூடும். பலம் காட்டி இழுத்தால் உள்ளே ஏதாவது வளையும். டேப்பை மூடி, எஞ்சின் சுவிட்சை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயர் மூடியைத் தள்ளி ஒதுக்கி வைத்துவிட்டு மெதுவாக இழுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். அந்தத் துளைக்கு நேராக முகத்தையும் வைக்காதீர்கள், இன்னொருவரையும் நிறுத்தாதீர்கள்.

5. இடம்

திறந்தவெளியில், நிழலில் செய்யுங்கள். மோட்டார் அறைக்குள் வேண்டாம். நம் தோட்டங்களில் பழக்கதோஷத்தில் எல்லா வேலையும் அங்கேதான் நடக்கும். ஆனால் அங்கே மின் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. மின்சாரம் வந்து தானாக மோட்டார் ஓடும்போது அதற்குள் பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி மூலையில் தேங்கும். பீடி, விறகடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் உதவாது, எரியும் பெட்ரோலைப் பரப்பிவிடும்.

6. வாங்க வேண்டியவையும் செலவும்

முதலில் பொருட்களை வாங்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். நான் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். ஞாயிறு, கடை பூட்டியிருந்தது. பாகங்கள் மூன்று நாள் தட்டில் கிடந்தன, அதற்குள் மிதவையைத் தாங்கும் குண்டூசி போன்ற தண்டைக் கோழி கிளறிவிட்டது. வைக்கோலுக்குள் அரை மணி நேரம் தேடினேன்.

எனக்கு ஆன செலவு இது: நீடிலும் பேக்கிங்குகளும் சேர்ந்த செட் 180 ரூபாய், பெட்ரோல் குழாய் 60, கிளிப் இரண்டு 20, டேப்பின் அடிக்கிண்ணத்துக்கான ரப்பர் வளையம் 20, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே 260, ஆயில் 380. மொத்தம் 920. ஸ்பிரே டப்பாவில் முக்கால்வாசி இன்னும் மிச்சமிருக்கிறது. ஊருக்கு ஊர் விலை மாறும், ஆனால் உதிரிபாகத்துக்கு மட்டும் யாராவது 500 ரூபாய்க்கு மேல் சொன்னால் இன்னொரு கடையில் விசாரியுங்கள். பக்கத்து நகரத்தில் வாங்கினால் அன்றே கிடைக்கும். இணையத்தில் வாங்கியபோது எனக்கு ஐந்து நாள் ஆனது.

குழாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் சரியான அளவில் இருக்கும், விலையும் மலிவு. அதை மாட்டாதீர்கள். பெட்ரோலில் சில மாதத்தில் விறைத்து, முனையில் கீறல் விடும். பெட்ரோலுக்கென்றே வரும் ரப்பர் குழாயைக் கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் நிலையங்களில் இப்போது வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் சீக்கிரம் ஊதிப்போகும்.

கருவிகள் அதிகம் தேவையில்லை: 10 எண் ஸ்பேனர், தட்டை முனையும் நட்சத்திர முனையும் கொண்ட ஸ்க்ரூடிரைவர்கள், மூக்குக் குறடு, காது குடையும் பஞ்சுக்குச்சி, ஒரு எவர்சில்வர் கிண்ணம், ஓரம் உயர்ந்த வெள்ளைத் தட்டு. தட்டு வெள்ளையாக இருப்பது அலங்காரத்துக்கு இல்லை, பொடிப் பாகங்கள் அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

7. கழற்றுதல்

டேப்பை மூடுங்கள். பிளக்கின் வயர் மூடியை உருவி விடுங்கள்.

கார்புரேட்டரின் அடியில் இரண்டு போல்ட்டுகள் தெரியும். சரியாக நடுவில் இருப்பது கிண்ணத்தைப் பிடித்திருப்பது. ஓரமாகச் சாய்ந்திருப்பது வடிகால். எவர்சில்வர் கிண்ணத்தைக் கீழே பிடித்துக்கொண்டு வடிகாலை மட்டும் தளர்த்தினால் உள்ளே இருக்கும் பெட்ரோல் இறங்கிவிடும். வடிந்ததைக் கிண்ணத்தோடு சாய்த்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருள்வது தண்ணீர். செம்மண் நிறத்தில் படிவது துரு. இரண்டில் எது இருந்தாலும் பத்தாம் படியைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஏர் ஃபில்டர் மூடி, பஞ்சு, பெட்டி. பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள்தான் பெரும்பாலும் கார்புரேட்டரையும் பிடித்திருக்கும்.

இங்கே நின்று படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கவர்னர் கம்பி மாட்டியிருக்கும் துளையை நெருங்கி ஒன்று. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரிலிருந்து ஒரு மெல்லிய கம்பியும், அதைச் சுற்றியோ ஒட்டியோ தலைமுடி போன்ற ஒரு ஸ்பிரிங்கும் கார்புரேட்டருக்கு வரும். இரண்டும் வேறு வேறு துளைகளில் மாட்டியிருக்கும். துளை மாறினால் ஸ்டார்ட் ஆனவுடன் எஞ்சின் அலறிக்கொண்டு உச்ச வேகத்துக்குப் போகும். படம் எடுக்காமல் "நினைவில் இருக்கும்" என்று நம்பியவன் சொல்கிறேன், இருக்காது.

நட்டுகளைக் கழற்றியதும் கார்புரேட்டரை அதன் தண்டுகளில் மெல்ல வெளியே இழுத்து, சற்றுத் திருப்பி, கம்பியையும் ஸ்பிரிங்கையும் விடுவியுங்கள். ஸ்பிரிங்கை நீட்டிவிடாதீர்கள். டேப் கார்புரேட்டரிலேயே இருந்தால் முதலில் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். பெட்ரோல் குழாயை நேராக இழுக்காமல் முதலில் சுற்றித் திருகி ஒட்டுதலை விடுவித்து, பிறகு இழுங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பேக்கிங், கறுப்புக் கட்டை, மறுபடி பேக்கிங் என்று அடுக்கு இருக்கும். எது முதல், எந்த முகம் எந்தப் பக்கம் என்று தட்டில் அதே வரிசையில் வையுங்கள்.

8. கிண்ணத்துக்குள்

நடு போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் கையோடு வரும். மிதவையைத் தாங்கும் தண்டை ஒரு மெல்லிய ஆணியால் பக்கவாட்டில் தள்ளுங்கள். மிதவையோடு நீடிலும் தொங்கிக்கொண்டு வரும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய உருப்படி, வெள்ளைத் தட்டுக்கு மேலே வைத்தே கழற்றுங்கள்.

நீடிலின் கூம்பு முனையைச் சூரிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பிறகு நகத்தை அதன்மேல் ஓட்டுங்கள். கூம்பைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு பள்ளம் நகத்தில் தட்டினால் நீடில் தேய்ந்துவிட்டது. என்னுடைய நீடிலில் பள்ளம் இல்லை. அதற்குப் பதில், கூம்பின் ஒரு பக்கத்தில் மிளகாய் விதையில் பாதி அளவுக்குச் செம்பழுப்பாக ஒரு துகள் ஒட்டியிருந்தது. பஞ்சுக்குச்சியால் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. 2,530 ரூபாய் செலவின் காரணத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சளசளத்தால் அது ஓட்டை, மாற்றியாக வேண்டும். சந்தேகமாக இருந்தால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வெந்நீரில் அமுக்குங்கள். ஓட்டை இருந்தால் குமிழி வரும். வெந்நீரை வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள், அடுப்புப் பக்கம் இதைக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் மிதவையை வளைத்து மட்டம் சரிசெய்ய முயல வேண்டாம், உடைந்துவிடும்.

சீட் துளைக்குள் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரேயை நனைத்து விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு வெள்ளையாக வெளியே வரும்வரை குச்சிகளை மாற்றுங்கள். கம்பி, ஆணி, உப்புத்தாள் எதையும் உள்ளே விடாதீர்கள். இந்த வகைக் கார்புரேட்டர்கள் பலவற்றில் சீட் உடலோடு அழுத்திப் பொருத்தப்பட்டது, தனியாக மாற்ற முடியாது. அதில் கோடு விழுந்தால்தான் உண்மையிலேயே புதிய கார்புரேட்டர் வாங்க வேண்டிவரும். ஸ்பிரே அடிக்கும் முன் ரப்பர் வளையங்களையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஒரு துளைக்குள் அடித்தது இன்னொரு துளை வழியாக முகத்துக்கு வரும்.

பக்கவாட்டில் ஸ்பிரிங் மாட்டிய சிறிய காற்றுத் திருகு ஒன்று இருக்கும். ஒழுகலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால், உள்பக்கம் மெல்ல முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிவைத்த பிறகு கழற்றுங்கள்.

9. வாயால் ஊதி உறுதிசெய்யுங்கள்

எல்லாவற்றையும் எஞ்சினில் மாட்டிய பிறகு ஒழுகினால் மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். அதைத் தவிர்க்க இரண்டு நிமிடச் சோதனை.

புதிய நீடிலையும் மிதவையையும் மாட்டுங்கள், கிண்ணத்தை மாட்டாதீர்கள். பெட்ரோல் உள்ளே வரும் முனையில் புதிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். மிதவை தன் எடையால் நீடிலை அழுத்தும். இப்போது மெல்ல ஊதினால் காற்று போகக் கூடாது. மிதவையை விரலால் தூக்கினால் உஸ்ஸென்று போக வேண்டும். விட்டால் மறுபடி அடைக்க வேண்டும். பத்துத் தடவை செய்து பாருங்கள், பத்திலும் அடைத்தால் சரி. ஊதத்தான் வேண்டும், தவறியும் உறிஞ்சாதீர்கள்.

10. டேங்க்: கடைக்காரர்கள் தாண்டிப் போகும் இடம்

இரண்டு கடைகளிலும் இதைச் செய்யவில்லை. குறை சொல்ல முடியாது, கூலி 300 ரூபாய்க்கு டேங்கையும் கழுவு என்று யார் கேட்டோம்?

டேப்பின் அடியில் சிறிய கிண்ணம் ஒன்று திருகியிருக்கும். டேப்பை மூடிவிட்டு அதைக் கழற்றுங்கள். உள்ளே தேங்கிய கசடைக் கொட்டி, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். என்னுடையதில் தேயிலைத் தூள் அளவுக்குத் துரு நிரம்பியிருந்தது.

பிறகு டேங்கிலிருக்கும் பெட்ரோல் முழுவதையும் உலோகக் கேனில் வடித்துவிட்டு, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் பழுப்புப் படலம் இருந்தால் டேங்கைக் கழற்றி, கால் லிட்டர் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். எனக்கு நான்கு தடவை ஆனது. டேங்கின் வாயில் உள்ள சல்லடையைச் சிலர் பெட்ரோல் சீக்கிரம் ஊற்றுவதற்காகப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். எங்கள் பம்பிலும் அப்படித்தான். அது யார் வேலை என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கூடுதல் பாதுகாப்புக்காகக் குழாயின் நடுவே ஃபில்டர் போட நினைத்தால், பைக்குகளில் வரும் சல்லடை வகையை வாங்குங்கள். கார்களுக்கான காகித ஃபில்டர் வேண்டாம். இங்கே பெட்ரோல் தானாக இறங்குகிறது, தள்ளிவிட மோட்டார் இல்லை. காகிதத்தைத் தாண்ட அதற்கு வேகம் போதாது.

11. மாட்டும்போது கெடுப்பவை

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கெடுத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கிண்ணத்தின் பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறிப் பெரிதாகியிருக்கும், காடியில் உட்காராமல் துருத்தும். அதை அமுக்கி மாட்டினால் மடிந்து கசியும். புதியது இருந்தால் புதியது. இல்லையென்றால் ஒரு நாள் நிழலில் உலரவிட்டால் சுருங்கும்.

கசிவு பயத்தில் ஷெல்லாக், சிலிக்கான் பசை, குழாய் வேலைக்கான வெள்ளை டேப் எதையும் கிண்ணத்தில் பயன்படுத்தாதீர்கள். பிசிறு பிரிந்து உள்ளே விழுந்தால், பெட்ரோல் போகும் நுண்ணிய துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும்.

நடு போல்ட்டை முழு பலத்தோடு இறுக்காதீர்கள். கார்புரேட்டர் உடல் அலுமினியம் கலந்த மென்மையான உலோகம், மரை போய்விடும். விரலால் முட்டும்வரை திருகி, ஸ்பேனரில் அதற்குமேல் கால் சுற்று. கசிந்தால் இன்னும் கொஞ்சம்.

எஞ்சின் பக்கப் பேக்கிங்குகளில் பெரிய துளை தவிரச் சிறிய துளைகளும் வெட்டுகளும் இருக்கலாம். அவை கார்புரேட்டரில் உள்ள துளைகளுக்கு நேராக வர வேண்டும். திருப்பி மாட்டினால் காற்று வழி அடைபட்டுப் புதிய கோளாறு கிளம்பும்.

12. அரை மணி நேரம் பொறுங்கள்

உடனே கயிற்றை இழுக்க மனம் துடிக்கும். வேண்டாம். மறுபடி செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் தள்ளி உட்காருங்கள். தாளில் ஒரு பொட்டுகூட இல்லை என்றால் ஆயில் மாற்றத்துக்குப் போகலாம்.

இந்த அளவு எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர் ஆயில் பிடிக்கும். 10டபிள்யூ-30 வகை எங்கும் கிடைக்கும். உங்கள் கையேட்டில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். பழைய ஆயிலைக் கிணற்று மேட்டிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். அதில் பெட்ரோல் வேறு கலந்திருக்கிறது, மூடிய கேனில் ஊற்றிப் பழைய ஆயில் வாங்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். நனைந்த ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி முழுவதும் காயவைத்து மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் கை சுவிட்சின் மேலேயே இருக்கட்டும். வேகம் தறிகெட்டு ஏறினால் உடனே நிறுத்திவிட்டு, கவர்னர் கம்பியை உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். முதல் ஐந்து நிமிடம் புகை வெள்ளையாக வரலாம், உள்ளே தங்கிய பெட்ரோலும் ஆயிலும் எரிகின்றன. கால் மணி நேரம் கழித்தும் கரும்புகை என்றால் மிதவையை மறுபடி பாருங்கள்.

இதன் பிறகு இரண்டு பழக்கங்கள். வேலை முடிந்ததும் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் தங்காது. வண்டியில் ஏற்றி வேறு வயலுக்குக் கொண்டுபோகும்போது டேப்பை மூடாமல் ஏற்றாதீர்கள். மேடு பள்ளத்தில் மிதவை குதித்து, போகிற வழியெல்லாம் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். எங்கள் பம்பில் பாதி அப்படித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

13. பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரின் கார்புரேட்டரில் பெரும்பாலும் மிதவை இருக்காது, சவ்வு போன்ற டயாஃப்ரம் இருக்கும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அப்படி. அங்கே ஒழுகினால் முதலில் கையால் அமுக்கும் ரப்பர் குமிழைப் பாருங்கள். வெயிலில் கிடந்து வெடித்திருக்கும். அடுத்து டேங்குக்குள் குழாய்கள் நுழையும் இடம். இவை இரண்டும் மிகச் சொற்ப விலையில் முடிந்துவிடும்.

இரண்டும் நன்றாக இருந்தால்தான் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். டயாஃப்ரம் விறைத்துச் சுருங்கியிருந்தால் செட்டாக மாற்றுங்கள். டயாஃப்ரம் மேலா, பேக்கிங் மேலா என்பது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கத்தைப் பிரித்து, படம் எடுத்து, மாட்டி முடித்த பிறகே அடுத்த பக்கத்தின் திருகில் கை வையுங்கள்.